"குடும்பத்தில் தற்கொலை உண்டா?": ஆய்வில் இந்தக் கேள்வியைக் கேட்பதும் பதிவதும் கணக்கிடுவதும்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மனநல மருத்துவம், செவிலியம், சமூகப் பணி ஆகிய துறைகளில் முதுநிலை படிப்போர் பலர் தற்கொலையைத் தங்கள் ஆய்வேட்டின் பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குக் காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். லட்சம் பேருக்கு 12.4 என்பது அந்த ஆண்டு நாட்டின் விகிதம். புதுச்சேரியின் விகிதம் 29.7. 2015-இல் 43.2 என்ற விகிதத்தோடு புதுச்சேரி நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. இந்த எண்களின் பின்னணியைத் தேடும் ஆய்வுகளின் வினாத்தாளில் வயது, கல்வி, வருமானம், குடிப்பழக்கம் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு வரி தவறாமல் வரும்: "குடும்பத்தில் தற்கொலை வரலாறு: ஆம் / இல்லை." அந்த ஒரு வரியை எப்படிக் கேட்டு, எப்படிப் பதிந்து, எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதற்கே இந்த வழிகாட்டி. கேட்கத் தெரியாமல் கேட்டால் தவறான விடை கிடைக்கும் என்பது ஒரு பக்கம். துக்கத்தில் இருக்கும் வீட்டின் மேல் ஆய்வாளரே ஒரு கறையைப் பூசிவிட்டு வந்துவிடக்கூடும் என்பது அதைவிடப் பெரிய கவலை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் இந்த இழப்பைத் தம் வீட்டிலேயே கண்டவர்களும், தாமே அந்த எண்ணத்தோடு போராடுகிறவர்களும் இருக்கக்கூடும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும், தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணும் இருக்கின்றன. ஆய்வுக்குப் புறப்படும் ஒவ்வொருவர் பையிலும் இந்த எண்கள் அச்சிட்ட சீட்டு இருக்க வேண்டும். முதல் ஆயத்தம் அதுதான்.

முன்னோர் கண்டறிந்தவை

வினாத்தாளைத் தொடுமுன், இந்தக் காரணியைப் பற்றி இதுவரை உறுதிப்பட்டவை எவை என்பதை மனத்தில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். குடும்பங்களுக்குள் தற்கொலை திரண்டு காணப்படுகிறது என்பதில் இன்று ஐயமில்லை. ஏன் திரள்கிறது என்பதைப் பிரித்தறியவே பலவகை ஆய்வுகள் தேவைப்பட்டன. 1979-இல் வெளியான டென்மார்க் ஆய்வு தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. தற்கொலையால் இறந்த 57 தத்துப் பிள்ளைகளின் ரத்த உறவினர் 269 பேரில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். ஒப்பீட்டுக் குழுவின் ரத்த உறவினர் 269 பேரில் அப்படி இறந்தவர்கள் இருவர் மட்டுமே. வளர்த்த குடும்பங்களிலோ இரு குழுக்களிலும் ஒருவர்கூட இல்லை. 1991-இல் வெளியான இரட்டையர் ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிறந்த 62 இணைகளில் 7 இணைகளில் இருவருமே தற்கொலையால் இறந்திருந்தனர். இரு கருவிலிருந்து பிறந்த 114 இணைகளில் 2 மட்டுமே அவ்வாறு இருந்தன. தற்கொலை நடத்தையின் மரபுவழிப் பங்கு 30 முதல் 55 சதவீதம் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடு இத்தகைய இரட்டையர் ஆய்வுகளிலிருந்து வந்தது.

இந்தச் சதவீதத்தைப் படித்த உடனே "பாதிக் காரணம் ரத்தம்தான்" என்று எழுதிவிடும் ஆய்வேடுகள் உண்டு. அது பிழை. ஒரு மக்கள்தொகைக்குள் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. ஒரு தனி மனிதரின் மரணத்தில் பாதியை அது விளக்கிவிடாது. பல்லாயிரம் பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட அண்மைய ஆய்வுகளும், மரபணுத் தொகுப்பில் மிகச் சிறிய விளைவுடைய பல இடங்களையே காட்டியிருக்கின்றன. தற்கொலைக்கென ஒற்றை மரபணு கிடையாது.

மரபணுவுக்கு அப்பாலும் வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்களிடையே 1880 முதல் 1980 வரை நிகழ்ந்த 26 தற்கொலைகளை ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு நான்கே வம்சங்களில் நிகழ்ந்திருந்தது தெரிந்தது. மனச்சோர்வு நோயும் இருதுருவ நோயும் அதே அளவுக்கு அடர்ந்திருந்த வேறு வம்சங்களில் தற்கொலையே இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆக, மனநோய் வரலாறும் தற்கொலை வரலாறும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் ஒன்றல்ல. 2002-இல் வெளியான டென்மார்க் பதிவேட்டு ஆய்வும் இதையே பெரிய எண்ணிக்கையில் காட்டியது: குடும்பத்தில் மனநோய் இருப்பதைக் கணக்கில் கழித்த பிறகும், குடும்பத்தில் தற்கொலை நிகழ்ந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. மனநிலைக் கோளாறு உள்ள பெற்றோர் 334 பேரின் பிள்ளைகள் 701 பேரை ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், தற்கொலைக்கு முயன்ற பெற்றோரின் பிள்ளைகள் முயலும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாக இருந்தது. 2010-இல் வந்த சுவீடன் ஆய்வொன்று வயதின் முக்கியத்துவத்தைக் காட்டியது. 18 வயதுக்கு முன் தாயையோ தந்தையையோ தற்கொலையில் இழந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. வளர்ந்த பிறகு இழந்தவர்களிடம் அந்த உயர்வு தெரியவில்லை. ரத்தம் மட்டுமே காரணமாக இருந்தால், இழந்த வயது இவ்வளவு வேறுபாட்டைத் தந்திருக்காது.

நம் பக்கத்து ஆய்வுகளையும் விட்டுவிடாதீர்கள். சென்னையில் தற்கொலையால் இறந்த 100 பேரையும் ஒப்பீட்டுக்கு 100 பேரையும் எடுத்து 1999-இல் வெளியான ஆய்வில், இறந்தவரின் மனநோய், குடும்பத்தில் மனநோய், அண்மையில் நேர்ந்த துயர நிகழ்வு ஆகிய மூன்றும் தனித்தனியே வலுவான காரணிகளாக நின்றன. வேலூர் மாவட்டம் கணியம்பாடியில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், இறந்த 100 பேரில் 37 பேருக்கே மனநோய் இருந்ததாகக் கண்டறியப்பட்டது. நாள்பட்ட வலியும் நீடித்த மன அழுத்தமும் அங்கே பெரிதாகத் தெரிந்தன. ஐரோப்பியப் பதிவேட்டில் கிடைத்த விகிதத்தை அப்படியே பண்ருட்டிக்கும் பாகூருக்கும் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எதைக் "குடும்ப வரலாறு" என்கிறீர்கள்?

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் முன் போவதற்கு முன்பே இதை எழுத்தில் தீர்மானித்துவிடுங்கள். தற்கொலையால் மரணம், தற்கொலை முயற்சி, மனநோய், குடிநோய் ஆகிய நான்கையும் நான்கு தனிக் கேள்விகளாக வையுங்கள். ஒரே "ஆம்"-க்குள் கலக்காதீர்கள். விடை மூன்று வகை: ஆம், இல்லை, தெரியாது. "தெரியாது" என்று சொன்னவர்களை "இல்லை"-யில் சேர்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. தன் தாத்தாவைப் பற்றி ஒன்றுமே தெரியாத பேரனும், தாத்தா முதுமையில் நோயுற்று இறந்ததைக் கண்ணால் கண்ட பேரனும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுவார்கள்.

உறுதியின் அளவையும் குறியுங்கள். மருத்துவமனை அல்லது காவல்துறை ஆவணம் உள்ளதா, இருவர் தனித்தனியே சொன்னதா, ஒருவர் மட்டும் சொன்னதா, ஐயமா என்று நான்கு நிலைகள் போதும். உறவினர் வாய்வழியாகத் திரட்டும் முறையைப் பற்றி ஒரு பொதுவான பாடம் உண்டு: "ஆம்" என்று வந்தால் அது பெரும்பாலும் உண்மை, "இல்லை" என்று வந்தால் அதை அவ்வளவு நம்ப முடியாது. அதிலும் உயிர் பிழைத்த முயற்சிகள் குடும்பத்துக்குள்ளேயே மறைக்கப்படுகின்றன. தற்கொலை முயற்சி நீண்ட காலம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின் கீழ் குற்றமாக இருந்ததால், மருத்துவமனையில் சேர்க்கும்போதே "தவறுதலாக நேர்ந்தது" என்று எழுதச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 115-ஆம் பிரிவில், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும், அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை என்றும் சொல்லிவிட்டது. இருந்தும் பழைய பயம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆகவே பழைய மருத்துவமனைக் குறிப்பில் "விபத்து" என்றிருப்பதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வம்சாவளிப் படம் வரைதல்

"உங்கள் குடும்பத்தில் யாராவது..." என்று தொடங்கும் கேள்விக்கு "அப்படியெல்லாம் யாரும் இல்லைங்க" என்பதே விடையாக வரும். யார் யார் குடும்பம் என்பதைக் கேட்பவரும் சொல்பவரும் முதலில் ஒன்றாக வரைந்து முடிக்க வேண்டும். ஒரு பெரிய தாளைத் தரையிலோ திண்ணையிலோ விரித்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக்கோடு என்று அவர்கள் கண்முன்னே வரையுங்கள். வீட்டின் மூத்த பெண்மணி ஒருவர் அருகில் இருந்தால், சிறிது நேரத்தில் அவரே விரலை வைத்து, "இவளுக்கு அடுத்து ஒரு பொண்ணு பிறந்து தவறிப்போச்சு, அத விட்டுட்டீங்க" என்று திருத்தத் தொடங்குவார். அந்தத் திருத்தங்கள்தாம் உங்கள் தரவு. யாரும் மரணத்தைப் பற்றிப் பேசத் தொடங்காமலேயே எல்லோரும் படத்துக்குள் வந்துவிடுவார்கள்; பிறகு ஒவ்வொருவராகச் சுட்டி, இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வயதில், எப்படி என்று கேட்டுச் செல்வது இயல்பாக அமையும்.

நம் உறவுமுறைச் சொற்கள் இங்கே ஆய்வாளரை நேரடியாகத் தவறவிடும். பெரியப்பா மகனும் அண்ணன்தான், பெரியம்மா மகனும் அண்ணன்தான். "அண்ணன் இப்படிப் போயிட்டாரு" என்பதை உடன்பிறப்பு என்று பதிந்தால், மூன்றாம் நிலை உறவினர் (பெரியப்பா, பெரியம்மா பிள்ளைகள் போன்றோர்) முதல் நிலைக்கு (பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள்) ஏறிவிடுவார். "ஒரே தாய் வயித்துல பிறந்தவரா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், தகப்பன் ஒருவராகவும் தாய் வேறாகவும் இருந்தால் அதையும் குறியுங்கள். மாமா என்பவர் தாயின் உடன்பிறந்தவராகவும் இருப்பார், அத்தையின் கணவராகவும் இருப்பார், மாமனாராகவும் இருப்பார். முதலாமவர் ரத்த உறவு; மற்றவர்கள் அப்படி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்களில் இன்னும் கவனம் தேவை. ஒரு பெண் தன் தாய்மாமனையே மணந்திருந்தால், அவள் பிள்ளைகளுக்குத் தந்தை வழித் தாத்தாவும், தாய் வழிக் கொள்ளுத்தாத்தாவும் ஒருவரே. தந்தை வழி, தாய் வழி என்று இரண்டு பட்டியல் போட்டு நிரப்பினால் ஒரே மரணம் இரண்டாகக் கணக்கில் ஏறும். இதைத் தவிர்க்க எளிய வழி, படத்தில் உள்ள ஒவ்வொரு மனிதருக்கும் ஒரே ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணைக் கொண்டே பதிவது. மண உறவுக்கு இரட்டைக் கோடு போட்டு, மணமக்களுக்கு முன்பே இருந்த உறவை அதன் மேல் எழுதிவிடுங்கள்.

யாரிடம், எப்போது, எப்படி

ஒரு வீட்டில் குறைந்தது இரண்டு பேரிடம், தனித்தனியே கேளுங்கள். ஒருவர் ரத்த உறவாகவும் மற்றவர் மணவழி வந்தவராகவும் இருப்பது நல்லது. கணவரின் கடைசி மாதங்களைப் பற்றி மனைவிக்குத் தெரிந்திருப்பது தாய்க்குத் தெரியாது. கணவரின் சித்தப்பா எப்படி இறந்தார் என்பது தாய்க்குத் தெரிந்திருக்கும், மருமகளுக்குச் சொல்லப்பட்டே இருக்காது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சரிபார்ப்பது, எவ்வளவு நயமாகச் செய்தாலும், ஒரு குடும்ப ரகசியத்தை உடைப்பதாகவே முடியும். இருவர் விடையும் முரண்பட்டால் முரணை அப்படியே பதியுங்கள்.

இறந்தவரைப் பற்றி உறவினரிடம் கேட்டுத் தொகுக்கும் உளவியல் உடற்கூறாய்வு முறையில், மரணத்துக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதம் வரை பொறுத்திருந்து போவது பொதுவான நடைமுறை. மாதக் கணக்கோடு நம் நாட்காட்டியையும் பாருங்கள். கருமாதி முடியாத வீட்டுக்குப் போகக்கூடாது என்பது சொல்லாமலே தெரியும். முதல் தீபாவளி, முதல் பொங்கல், திதி, இறந்தவரின் பிறந்தநாள் ஆகியவற்றை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள். தேவனாம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். நெய்வேலியில் ஷிப்ட் நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

வாசலில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், நீங்கள் காவல்துறையிலிருந்து வரவில்லை என்பது. இயற்கைக்கு மாறான ஒவ்வொரு மரணத்துக்கும் விசாரணை நடந்திருக்கும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவிலும் அது நடக்கிறது. அந்த விசாரணையில் சொன்ன ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் வழக்கு வந்துவிடுமோ என்று வீட்டார் அஞ்சுவார்கள். நம் பகுதியில் இது இன்னொரு வகையிலும் சிக்கலானது: மகள் பாகூரில் வாழ்ந்திருப்பாள், பிறந்த வீடு ரெட்டிச்சாவடிப் பக்கம் இருக்கும், அவள் தொடர்பான ஆவணங்கள் புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் பிரிந்து கிடக்கும். வசித்த ஊர், மரணம் நிகழ்ந்த ஊர், பதிவான காவல் நிலையம் மூன்றையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வியை அடுக்கடுக்காக இறக்குங்கள். "உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேருங்கம்மா? எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்பதில் தொடங்கி, இறந்தவர் ஒருவர் வரும்போது, "அவரு எப்படிம்மா தவறினாரு? உடம்பு முடியாம இருந்தாரா, திடீர்னா?" என்று கேட்டு, பின்பு பொறுத்திருங்கள். "அவசரப்பட்டுட்டாரு" என்று விடை வரலாம். "வயித்து வலி தாங்க முடியல" என்று வரலாம். "ஆயுசு அவ்வளவுதான்" என்றும் வரலாம். இவற்றில் எதையும் நீங்களாகப் பொருள்கொண்டு பதியாதீர்கள், "நான் சரியா புரிஞ்சுக்கணும்னு கேக்குறேன்மா, அவரா உயிர விட்டாரா?" என்று ஒரு முறை, தாழ்ந்த குரலில், நேராகக் கேளுங்கள். கேட்பதே அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற அச்சம் ஆய்வாளர்களிடம் பரவலாக இருக்கிறது. 2014-இல் வெளியான மீளாய்வு அப்படித் தூண்டியதற்கான சான்று எதையும் காணவில்லை. எப்படிச் செய்தார் என்ற விவரம் உங்கள் கேள்விக்குத் தேவையில்லை என்றால் அதைக் கேட்கவே கேட்காதீர்கள். அவர் தயங்கினால், "கஷ்டமா இருந்தா இத இதோட விட்டுடலாம்மா" என்று சொல்லித் தாளை மடித்துவிடும் மனம் வேண்டும்.

காலத்தைப் பதிவதில்தான் இந்தக் கேள்வியின் பாதி மதிப்பு இருக்கிறது. தந்தை இறந்தபோது பிள்ளைக்கு நான்கு வயதா, பதினான்கா, முப்பதா? பிள்ளை அந்த வீட்டில் இருந்ததா? பார்த்ததா? உண்மை அப்போதே சொல்லப்பட்டதா, பல ஆண்டுகள் கழித்துப் பிறர் வாயால் தெரிய வந்ததா? ஆண்டு நினைவில்லை என்பவர்களிடம் ஊரறிந்த நிகழ்வுகளை வைத்துக் கேளுங்கள். 1972-இன் புயல் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் ஆகியவை கடலூர்க்காரர் எவருக்கும் ஆண்டுக் கணக்கைவிட உறுதியான அடையாளங்கள். "தானே அடிச்ச மார்கழிக்கு முன்னாடியா, பின்னாடியா? அப்ப இந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போயிட்டிருந்துச்சா?" என்று கேட்டால், வயது ஓரிரு ஆண்டு வித்தியாசத்துக்குள் கிடைத்துவிடும்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஒரு சொல். கையெழுத்திடுபவர் தன்னைப் பற்றி மட்டும் பேசப்போவதில்லை. ஒப்புதல் தராத பத்துப் பேரைப் பற்றியும் பேசப்போகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வலியுறுத்தும் தனியுரிமை அந்தப் பத்துப் பேருக்கும் உரியது. பெயர்களைப் படத்தில் எழுதாதீர்கள், எண்கள் மட்டும். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்புத் தாள் தனியாகப் பூட்டில் இருக்கட்டும்.

கணக்கிடும்போது

உங்கள் ஆய்வில் இறந்தவர் குடும்பங்கள் 100, ஒப்பீட்டுக் குடும்பங்கள் 100 என்றும், முதல் குழுவில் 12-இலும் இரண்டாம் குழுவில் 5-இலும் முன்பு தற்கொலை நிகழ்ந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 12-ஐ 95-ஆல் பெருக்கி, 88-ஐ 5-ஆல் பெருக்கி வந்ததால் வகுத்தால், இரு குழுக்களையும் ஒப்பிடும் வாய்ப்பு விகிதம் (odds ratio) ஏறத்தாழ 2.6. ஆய்வேட்டின் சுருக்கத்தில் இந்த எண் மட்டும் ஏறும். இறந்தவர்களில் 88 பேர் குடும்பத்தில் அப்படி எதுவும் நிகழ்ந்திருக்கவில்லை என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது, அதையும் எழுதுங்கள். "குடும்பத்தில் யாருமில்லை, ஆகவே பயமில்லை" என்று ஒரு மருத்துவர் நோயாளியை அனுப்பிவிடாமல் இருக்க அந்த 88 உதவும்.

குடும்பத்தின் அளவு இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் கெடுக்கும். ஒவ்வோர் உறவினருக்கும் நூற்றில் ஒன்று வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், நான்கு உறவினர் உள்ள குடும்பத்தில் குறைந்தது ஒரு நிகழ்வு இருக்கும் வாய்ப்பு 3.9 சதவீதம், பன்னிரண்டு பேர் உள்ள குடும்பத்தில் அது 11.4 சதவீதம். எந்த ஆபத்தும் கூடாமலேயே பெரிய குடும்பம் "ஆம்" ஆகிவிடுகிறது. எனவே உறவினர்களின் மொத்த எண்ணிக்கையையும், அவர்கள் வாழ்ந்த ஆண்டுகளையும் பதிந்து, நிகழ்வை அவற்றால் வகுத்துப் பாருங்கள். குறைந்தது உடன்பிறந்தோர் எண்ணிக்கையையாவது சமன்படுத்துங்கள், அதாவது அதன் தாக்கத்தைக் கணக்கில் கழித்துவிடுங்கள். இறந்தவரைப் பற்றி உறவினர் சொல்ல, ஒப்பீட்டாளர் தன்னைப் பற்றித் தானே சொன்னால் இரண்டும் ஒரே தராசில் நிற்காது. ஒப்பீட்டுக் குழுவிலும் உறவினரிடமே கேளுங்கள். துக்கத்தில் உள்ள குடும்பம் காரணம் தேடி மூன்று தலைமுறையைத் துழாவியிருக்கும், மற்றக் குடும்பம் துழாவியிருக்காது என்பதையும் விவாதப் பகுதியில் எழுத மறவாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். இறந்தவரின் சொந்த மனநோயையும் குடிப்பழக்கத்தையும் சமன்படுத்திய பிறகு குடும்ப வரலாற்றின் விளைவு மறைந்துவிட்டால், "குடும்ப வரலாறு முக்கியமில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. தந்தையிடமிருந்து மகனுக்கு ஆபத்து செல்லும் பாதையே அந்த மனச்சோர்வாக இருக்கலாம். பாதையை அடைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று சொல்வதாகிவிடும். சமன்படுத்தாத கணக்கு, சமன்படுத்திய கணக்கு இரண்டையும் அருகருகே கொடுத்து, எதற்காக இரண்டையும் கொடுக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள்.

வீட்டார் திருப்பிக் கேட்கும் கேள்வி

படத்தை வரைந்து முடிக்கும்போது, பெரும்பாலும் ஒரு தாய், சில நேரம் ஒரு மனைவி, அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்பார்: "அப்ப எங்க பிள்ளைக்கும் இது வருமாங்க?" நீங்கள் வரைந்த படமே அந்தக் கேள்வியை எழுப்பியிருக்கிறது, "அது என் ஆய்வில் இல்லை" என்று சொல்லி எழுந்துவர உங்களுக்கு உரிமையில்லை. விடையை முன்கூட்டியே உங்கள் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரோடு பேசித் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைக் கொண்டே தொடங்கலாம். புதுச்சேரியின் 2022 விகிதமான லட்சத்துக்கு 29.7-ஐத் தோராயமான அடிப்படையாக வைத்து, அதை இரண்டரை மடங்காக்கினாலும், ஓராண்டில் லட்சத்துக்கு ஏறத்தாழ 74. மீதி 99,926 பேருக்கு அந்த ஆண்டில் அது நேரவில்லை. "மடங்கு" என்ற சொல் ஒரு தாயின் காதில் எப்படி விழும் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு இந்த எண்களைச் சொல்லுங்கள். பிறகு இப்படிப் பேசலாம்: "இது சாபம் இல்லம்மா, ரத்தத்துல எழுதி வச்சதும் இல்ல. இந்த வீட்டுப் பிள்ளைங்கள மனசளவுல கொஞ்சம் கூடுதலா கவனிச்சுக்கணும், அவ்வளவுதான். தூக்கம் கெட்டு, யாரோடயும் பேசாம, சாவப் பத்தியே பேச ஆரம்பிச்சா, தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மனச்சோர்வுக்கும் குடிக்கும் வைத்தியம் இருக்கு." ஆபத்தான பொருட்கள் எவையாயினும் வீட்டில் எளிதில் கைக்கு எட்டாதபடி பூட்டி வைக்கச் சொல்லுங்கள். தந்தை எப்படி இறந்தார் என்பதைப் பிள்ளையின் வயதுக்கேற்ற எளிய சொற்களில், பொய் சேர்க்காமல் வீட்டாரே சொல்வது நல்லது என்றும், அது பிள்ளையின் தவறால் நடக்கவில்லை என்பதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்றும் எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் விரும்பினால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறைக்கோ, கடலூர் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போவதற்கான வழியை எழுதிக் கொடுங்கள். முடிந்தால், போகும் நாளில் ஒருவர் உடன் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

உங்களிடம் பேசும்போதே அந்த வீட்டில் ஒருவர் தாமும் சாக நினைப்பதாகச் சொன்னால், ஆய்வு அந்த நொடியில் நின்றுவிடுகிறது. அவரைத் தனியே விடாமல், அவர் நம்பும் ஒருவரை அருகில் அழைத்து, 14416-ஐ அங்கிருந்தே அழைத்து, அன்றே மருத்துவரிடம் சேர்ப்பதுதான் வேலை. யாரை அழைப்பது, வண்டி யாருடையது, வழிகாட்டியின் எண் என்ன என்பவை முன்பே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எழுதும்போது

கடலோரச் சிற்றூர் ஒன்றில் மூன்று தலைமுறைப் படத்தை அப்படியே அச்சிட்டால், பெயரே இல்லாவிட்டாலும் ஊரார் யாரென்று கண்டுகொள்வார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் யோசிப்பார்கள். கல்யாண வயதில் இருக்கும் ஒரு பெண் உங்கள் ஆய்வேட்டுக்கு விலை கொடுப்பாள். ஊர்ப்பெயரை நீக்கி, பிறப்பு வரிசையையும் ஆய்வுக்குத் தேவையில்லாத விவரங்களையும் மாற்றி, அப்படி மாற்றியதைக் குறிப்பிட்டு வெளியிடுங்கள். "தற்கொலைக் குடும்பம்" போன்ற தொடர்களை எந்த இடத்திலும் எழுதாதீர்கள். "முதல் நிலை உறவினர் ஒருவரைத் தற்கொலையால் இழந்தவர்கள்" என்பது நீளமானாலும் சரியானது. முடிவுரையில், எத்தனை பேரின் விடை "தெரியாது" என்றிருந்தது, எத்தனை விடைகள் ஒரே தகவலாளியிடமிருந்து வந்தவை என்ற இரண்டு எண்களையும் விகிதத்தின் பக்கத்திலேயே கொடுங்கள்.

களத்துக்குப் போகிறவருக்கு ஒரு நாளில் ஒரு வீடு போதும். திரும்பியதும் அன்று மாலையே வழிகாட்டியிடமோ சக ஆய்வாளரிடமோ கேட்டதைப் பேசி இறக்கிவைக்கும் நேரத்தைக் கால அட்டவணையிலேயே சேருங்கள். தம் குடும்பத்திலேயே இந்த இழப்பைக் கண்ட ஆய்வாளர் என்றால், காரணம் கேட்காமல் அவரைத் தரவு உள்ளீட்டுப் பணிக்கு மாற்றிக்கொள்ளும் வழியும் இருக்க வேண்டும். நேர்காணல் முடிந்த ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டுக்கு ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, நீங்கள் போய்வந்த பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த அழைப்பின் தேதியையும், அவர்கள் ஏதேனும் உதவி கேட்டார்களா என்பதையும் குடும்ப எண்ணுக்கு நேரே பதிந்த பிறகே அந்தக் கோப்பை மூடலாம்.